தாயுமானவர் எந்தக் கட்சி?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘கருக்கலைப்பு என்று வரும்போது இந்து சமயம் முதலில் நினைப்பது கருவையா, தாயையா?’ தாயைத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ‘ப்ரூணஹத்தி’, அதாவது கருக்கொலை, என்று நாலு முறை சொன்னார். ஐந்தாவது முறைக்குள் மணி அடித்துவிட்டது. சரி, சாத்திரம் அதைப் பெரும்பாவம் என்கிறது, மறுக்கவில்லை. கருவைக் கலைத்தவளுக்கு இறந்தபின் நீர்க்கடன்கூடக் கிடையாது என்கிறது மனுஸ்மிருதி. ஆனால் அவர் கொண்டுவந்த சாட்சி மகாபாரதத்து அசுவத்தாமன்! அங்கேதான் மாட்டிக்கொண்டார். அபிமன்யுவின் மனைவி உத்தரை வயிற்றுப் பிள்ளைமேல் அவன் அஸ்திரம் விட்டான், மூவாயிரம் ஆண்டு அலையும்படி கண்ணன் சபித்தான். உத்தரையா கலைக்கச் சொன்னாள்? ‘என்னை எரித்தாலும் எரிக்கட்டும், என் கரு விழக் கூடாது’ என்று கண்ணனிடம் ஓடியதாகப் பாகவதம் சொல்கிறது. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அவளுக்காக வேறு யாரும் முடிவு செய்யவில்லை. எங்கள் சாட்சியை அவர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், பாவம்.

அப்புறம், உயிர் எப்போது வருகிறது? கருத்தரிக்கும்போதே என்கிறார் பழைய ஆயுர்வேத மருத்துவர் சரகர். ஏழாம் மாதத்தில் ஜீவன் கூடுகிறது என்கிறது கர்ப்போபநிடதம். நூல்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை. அறுவை மருத்துவம் எழுதிய சுசுருதர் உயிருள்ள கருவை அறுக்கக் கூடாது என்றார், ஏனென்றால் தாயும் சேர்ந்து சாவாள். கரு இறந்துவிட்டதா, ஒரு கணமும் தாமதிக்காதே, அது தாயைக் கொன்றுவிடும் என்றார். இரண்டு இடத்திலும் அவர் கண் தாய் மேலேயே இருக்கிறது.

2012-ல் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் என்ற பல் மருத்துவர், கர்நாடகத்துப் பெண், இந்து. 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கியது, பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். ‘இது கத்தோலிக்க நாடு’ என்றார் அங்கிருந்த பேறுகாலச் செவிலி. கருவின் இதயம் துடிக்கிறதே என்று காத்திருந்தார்கள். கிருமித்தொற்று பரவி, 31 வயதில் சவிதா போய்விட்டார். இந்தியாவில் 1971 கருக்கலைப்புச் சட்டப்படியே அவருக்கு வழி இருந்திருக்கும்.

பெண் குழந்தை என்று கண்டுபிடித்துக் கலைக்கிறார்களே என்பீர்கள். அது 1994 சட்டப்படி குற்றம், நாங்களும் அதற்கு எதிரிதான். அங்கே நடப்பது பெரும்பாலும் மாமியார் வீட்டு ஆசை.

கடைசியாகத் திருச்சி மலைக்கு, தாயுமானவர் கோயிலுக்கு வாருங்கள். காவிரியில் வெள்ளம். அக்கரையில் பிரசவ மருந்தோடு தாய், இக்கரையில் இடுப்பு வலியோடு ரத்னாவதி. சிவன் வந்தார். நெற்றிக்கண்ணோடு வரவில்லை, சூலத்தோடும் வரவில்லை. அவளுடைய அம்மாவின் முகத்தோடு வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவத்துக்காக இன்றைக்கும் அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். குழந்தையும் பிழைத்ததே என்று எதிரணி கேட்கும். ஆமாம், பிழைத்தது. வலியில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு யார் வேண்டுமோ அவராக வந்தாரே, அதை அவர்கள் கணக்கில் எங்கே எழுதப் போகிறார்கள்? மணி அடிக்கிறார்கள், நடுவர் அவர்களே, உட்காருகிறேன்.