பகையாளியோடு கணக்கு வைத்துக்கொள்வது

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியுறவு என்றால் தலைவர்கள் கட்டிப்பிடிக்கும் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. படம் பிடிக்க ஆள் வராத இடங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் தோட்டங்களில் கிணற்றுப் பங்கு உண்டு. பங்காளிகளுக்குள் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருக்கும். நல்லது கெட்டதுக்குக்கூடப் போக மாட்டார்கள். ஆனாலும் இன்று அவர் முறை, நாளை இவர் முறை என்று மோட்டார் ஓடும். இந்தியாவும் பாகிஸ்தானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தன.

முதல் தகராறுகளில் ஒன்று ரொக்கத்தில் வந்தது. பிரிவினையின்போது கஜானா இருப்பில் பாகிஸ்தான் பங்கு 75 கோடி ரூபாய் என்று முடிவானது. 20 கோடி முன்பே போய்விட்டது. மீதி 55 கோடி கைமாறுவதற்குள் காஷ்மீரில் சண்டை. இந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கி நம்மையே சுடுவார்கள் என்று டெல்லி பிடித்து வைத்தது. அப்போது நிதியமைச்சர் யார் தெரியுமா? நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1948 ஜனவரி 13 அன்று, டெல்லியில் மதக் கலவரம் ஓய வேண்டும் என்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 15ஆம் தேதி, பணத்தைக் கொடுப்பதாக அரசு அறிவித்தது. அதை ஏமாளித்தனம் என்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்புக்கொண்ட கணக்கை முதல் வருடமே மறுத்தால், அடுத்த ஒப்பந்தத்துக்கு எவன் வந்து உட்காருவான்?

அப்புறம் தண்ணீர். 1948 ஏப்ரல் 1 அன்று நம் பக்கத்துக் கிழக்கு பஞ்சாப் மதகை அடைத்தது. லாகூர் பக்க வாய்க்கால்கள் காய்ந்தன. கீழ்பவானியில் திறப்பு பத்து நாள் தள்ளிப்போனாலே கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருகிற நமக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உலக வங்கி நடுவில் நின்று வருடக்கணக்கில் பேசி, 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் சிந்து நதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. அவர்கள் மாற்று வாய்க்கால் வெட்டிக்கொள்ள நாம் 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு, பத்துத் தவணையில் கொடுத்தோம். 1965இல் போர் நடந்த வருடமும் தவணை நிற்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தைப் படித்தால் தூக்கம் வரும். எவ்வளவு தேக்கலாம், மதகு எங்கே வைக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் போகும். அதுதான் அதன் பலம். காஷ்மீரில் நாம் கட்டிய கிஷன்கங்கா மின்திட்டத்தில் தகராறு வந்தபோது அது நடுவர் மன்றத்துக்குப் போனது, எல்லைக்குப் போகவில்லை.

அணுசக்தி நிலையங்களின் பட்டியலும் இதே ரகம்தான். ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் ஒப்பந்தம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பட்டியல் கைமாறுகிறது. கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும் மாறியது.

சரி, 2025க்கு வருவோம். ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலை. மறுநாளே சிந்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது இந்தியா. கோபம் நியாயமானது. ஆனால் மேற்கு ஆறுகளின் வெள்ளத்தைப் பிடித்து வைக்கிற அளவுக்கு நம்மிடம் அணை இல்லை. மேடையில் சொல்கிற மாதிரி ஒரு சொட்டும் போகாமல் தடுப்பது இன்றைக்கு ஆகிற காரியமில்லை. உடனே நின்றது, ஒப்பந்தத்தைக் கவனிக்க வைத்த இரண்டு பக்கத்து ஆணையர்களும் நீரளவு விவரங்களைப் பரிமாறிக்கொள்வதுதான்.

மே மாதச் சண்டை 10ஆம் தேதி ஓய்ந்ததும், இரண்டு நாட்டு ராணுவ அதிகாரிகளும் தொலைபேசியில் பேசிய பிறகுதான். ஜூலை 1 அன்று வழக்கம்போலக் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஜம்முவில், பாகிஸ்தான் பக்கம் ஓடுகிற தாவி ஆறு பொங்கியது. ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆணையர் வழி அடைத்திருந்தது. அதனால் வெள்ள எச்சரிக்கை இஸ்லாமாபாத்தில் இருக்கும் நம் தூதரகம் வழியாகப் போனது.