பாம்பன் புயல் கூண்டும் இல்லாத சிப்பும்

[பாம்பன் துறைமுகக் கொடிமரம். காற்றுச் சத்தம்.]

1976-ல் இன்டெல் வெளியிட்ட 8259 என்ற சிப், இன்று நீங்கள் கிளவுடில் எடுக்கும் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் இருக்கலாம். சிலிக்கானாக அல்ல, வெறும் நிரலாக!

வணக்கம் மக்களே. கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் ஒரே நேரத்தில் சிபியுவைக் கூப்பிட்டால் யாருக்கு முதலிடம்? அதை முடிவு செய்வது இன்டரப்ட் கன்ட்ரோலர். 8259-ம் அப்படி ஒன்றுதான், அதற்கு எட்டுக் கம்பிகள். அப்புறம் சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் லோக்கல் ஏபிக் என்ற புதிய இன்டரப்ட் கன்ட்ரோலர் வந்தது. வரலாறு போதும்.

[கூண்டு நெருக்கமாக]

இந்தக் கூண்டைப் பாருங்கள். ஒன்றாம் எண் ஏற்றினால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. பத்து என்றால் பெரும் அபாயம். எண் ஏற ஏற அவசரம் ஏறும். லோக்கல் ஏபிக்கும் அப்படித்தான்: ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓர் எண், அந்த 256 எண்களில் பெரியதுக்கே முன்னுரிமை. 8259 நேர் எதிர். அங்கே பூஜ்யத்துக்குத்தான் முதல் மரியாதை, அது டைமருடையது. இந்த இரண்டு குணத்தையும், சிப்பே இல்லாமல், விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் ஒரே ஹைப்பர்வைசர் நிரல் பிசகாமல் காட்ட வேண்டும். எனக்கு இது பெரிய வியப்பு.

கூண்டில் இல்லாத ஒரு நுணுக்கமும் உண்டு. ஏபிக் எண்கள் பதினாறு பதினாறாகக் கட்டப்பட்டவை. ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அதே கட்டில் இன்னொன்று வந்தால், எண் பெரிதானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, வேலை முடிந்தால்? கெஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் இயங்குதளம், ஈஓஐ (எண்ட் ஆஃப் இன்டரப்ட்) எழுத வேண்டும், அதாவது கூண்டை இறக்க வேண்டும். மறந்தால் கீழே உள்ளவை அத்தனையும் கரையிலேயே கிடக்கும். எந்த எண் முடிந்தது என்றும் கெஸ்ட் சொல்லாது, வெறும் பூஜ்யத்தை எழுதும். இப்போது கவனிப்பில் இருப்பவற்றில் பெரிய எண் எது என்று, எண்ணுக்கு ஒன்றாக உள்ள 256 பிட்டுகளில் ஹைப்பர்வைசரே தேடி அழிக்கும்.

அந்த ஒரு பிட்டுக்காகக் கெஸ்ட் நின்று, ஹைப்பர்வைசர் உள்ளே வந்து, மறுபடி கெஸ்ட் கிளம்ப வேண்டும். ஆயிரம் சைக்கிளுக்கு மேல் போய்விடும். ஒரு வள்ளம் போகப் பாம்பன் தூக்குப்பாலத்தைத் திறந்து ரயிலை நிறுத்துவது மாதிரி!

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இந்த வேலையை, வெளியே சாதாரண நிரலாக ஓடும் கியூஇஎம்யூ என்ற எமுலேட்டர் வரை அனுப்பாமல் கர்னலுக்குள்ளேயே முடிக்கும். இன்டெலின் ஏபிக்வி, ஏஎம்டியின் ஏவிக் என்ற சிபியு வசதிகள் வந்தபின் சிபியுவே அந்தப் பிட்டுகளைத் திருத்துகிறது. பெரும்பாலான ஈஓஐ-க்குக் கெஸ்ட் நிற்பதே இல்லை. கம்பி இறங்கும்வரை விடாமல் கூப்பிடும் லெவல் டிரிக்கர் வகை மட்டும் தனிக் கதை, அடுத்த வீடியோவில்.

இன்டெல் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேவிஎம் இன்டெல் மாட்யூலில் எனேபிள் ஏபிக்வி என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். ஒய்-யா (இயங்குகிறது), என்-னா (இல்லை)? கமெண்டில் போடுங்கள்.