கம்ப்யூட்டர் ஃபேன் கத்துகிறதா? புதிதாக வாங்கும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: பக்க மூடி கழற்றிய கேபினெட். கர்ர்ர் என்ற சத்தம்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். காலையில் ஆன் செய்ததும் ஐந்து நிமிடம் இப்படிக் கத்திவிட்டு அப்புறம் தானாக அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று நாமும் விட்டுவிடுவோம். உண்மையில் அது சரியாகவில்லை. உள்ளே பேரிங்கில், அதாவது ஃபேன் சுழலத் தாங்கும் பாகத்தில், இருக்கும் எண்ணெய் வற்றிக் கெட்டியாகிவிட்டது, சூடு ஏறியதும் இளகி வழி விடுகிறது, அவ்வளவுதான். இப்படிக் கத்துகிற ஃபேன் இன்னும் பல மாதம் ஓடலாம், ஆனால் ஒருநாள் காலையில் சுற்றாமலே நின்றுவிடும்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒரு டெஸ்க்டாப்பில் குறைந்தது இரண்டு மூன்று ஃபேன் இருக்கும்: பிராசஸர் (சிபியு) மேல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்றோ இரண்டோ. ஒரு நோட்டுத்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். சிரிக்காதீர்கள், இது நன்றாகவே வேலை செய்யும். அப்படியும் பிடிபடவில்லை என்றால் பென்சிலின் ரப்பர் முனையால் ஃபேனின் நடுவில் மெதுவாக அழுத்தி இரண்டு விநாடி நிறுத்துங்கள், சத்தம் நின்றால் அதுதான் ஆள். இறக்கைகளைத் தொடாதீர்கள். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தொங்கும் முடி எல்லாம் கேபினெட்டுக்கு வெளியே இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் ஃபேனில் இந்தப் பென்சில் வேலை வேண்டாம்.

கர்ர் என்று அரைத்தால் பேரிங். டக்டக்டக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு வயர் இறக்கையில் படுகிறது, ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு வயரை இழுத்துக் கட்டினால் முடிந்தது, செலவே இல்லை. அரைக்காமல் வெறும் காற்றிரைச்சல் மட்டும் பெரிதாக இருந்தால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும், பாவம் அது முழு வேகத்தில் போராடிக்கொண்டிருக்கிறது. தூசியை ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் அதைப் பம்பரமாகச் சுற்ற விட்டால் பேரிங் அடி வாங்கும்.

[திரையில்: பிளக் உருவப்படுகிறது. விரலால் இறக்கையைச் சுண்டுகிறோம்.]

இப்போது பவரை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிட்டு, சந்தேகப்பட்ட ஃபேனை விரலால் சுண்டுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று போய் மெதுவாக நிற்கும். சுற்றும்போது லேசாகத் தட்டுத் தட்டாகத் தெரிந்தால் அது உள்ளே இருக்கும் காந்தம், பயப்பட வேண்டாம். கால் சுற்றிலேயே பிரேக் போட்ட மாதிரி நின்றாலோ, இறக்கையைப் பிடித்து ஆட்டினால் தளர்ந்து பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது.

அடுத்தது, சுற்றவே சுற்றாத ஃபேன், அல்லது சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும் ஃபேன். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை தூசி தட்டிவிட்டு ஆன் செய்தால் சிபியு ஃபேன் எர்ரர், எஃப்1 அழுத்து என்று திரை நிற்கிறது. ஃபேன் போய்விட்டது என்று முடிவுகட்டி புதிது வாங்கி மாட்டினேன், அப்போதும் அதே எர்ரர். தூசி தட்டக் கழற்றிய பழையதைத் திரும்ப மாட்டும்போது வயரை மதர்போர்டில் கேபினெட் ஃபேனுக்கான பின்னில் (வயர் செருகும் இடத்தில்) செருகியிருக்கிறேன், புதியதையும் அதே இடத்தில்! ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் போர்டு பார்ப்பது சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் பின்னை மட்டும்.

போர்டுக்கு வேகம் எப்படித் தெரிகிறது என்றால், நாலு வயரில் ஒன்று நெகட்டிவ், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வயர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், அதை எண்ணித்தான் பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய போர்டின் செட்டிங் திரையில்) ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, காட்டுகிறது. நாலாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க. அதனால் கண்ணெதிரே சுற்றுகிற ஃபேனுக்கு பயாஸ் பூஜ்யம் காட்டினால் அந்த மூன்றாவது வயரைச் சந்தேகப்படுங்கள். சுற்றவே இல்லை என்றால் அதே ஃபேனை வேறு பின்னில் செருகிப் பாருங்கள், நன்றாக ஓடும் இன்னொரு ஃபேனை இந்தப் பின்னில் செருகிப் பாருங்கள். கோளாறு ஃபேனோடு போகிறதா, பின்னிலேயே தங்குகிறதா? இந்த ஒரு சோதனை போதும், பணம் மிச்சம்.

கிராபிக்ஸ் கார்டு ஃபேன் நின்றிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். பல கார்டுகளில் சூடு ஏறும்வரை ஃபேன் சுற்றாது, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கேமை ஓட்டிவிட்டு அப்புறம் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் மட்டும் நம் கைக்கு வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெபாசிட்டர் என்ற பாகத்தில் மின்சாரம் தேங்கி நிற்கும், அதைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் மொத்தமாக மாற்றுங்கள்.

எண்ணெய் விடலாமா என்று கேட்பீர்கள். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, கீழே ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளாக நாளாகப் பிசினாகி இருக்கிற கொஞ்ச உயிரையும் வாங்கிவிடும். எண்ணெய் விட்டது புதிது வாங்கும்வரை ஓட்டுவதற்குத்தான்.

வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ஃபேன் பிரேமின் ஓரத்திலிருந்து ஓரம் 80 மில்லிமீட்டரா, 120ஆ என்று அளந்துவிடுங்கள், பின் மூன்றா நாலா என்றும் பாருங்கள். மூன்று பின் ஃபேன் நாலு பின்னிலும் உட்காரும், ஆனால் பயாஸில் அந்தப் பின்னின் வேகக் கட்டுப்பாட்டு முறை பிடபிள்யூஎம் (நாலாவது வயர் வழியாகக் கட்டுப்படுத்துவது) என்று இருந்தால் எப்போதும் முழு வேகத்தில் ஓடும், அதை டிசி (வோல்டேஜைக் குறைத்துக் கட்டுப்படுத்துவது) என்று மாற்றிவிடுங்கள். மாட்டும்போது ஃபேனின் பக்கவாட்டில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். பின்பக்க ஃபேனில் அந்தப் பக்கம் கேபினெட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும்.