முதலில் வெந்நீரைக் குறையுங்கள்

(உதகையில் தை மாதம் நடந்த மகளிர் கூட்டத்தில் அழகு நிலையம் நடத்தும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குளிரிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் தயங்காமல் முன்னால் வரலாம். நான் எதையும் விற்க வரவில்லை. குளிர்காலத்தில் தோலையும் முடியையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லத்தான் வந்தேன்.

எல்லோரும் கையை நீட்டி, முழங்கைக்குக் கீழே நகத்தால் லேசாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வெள்ளையாக விழுகிறதா? பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கையில் பெயர் எழுதி விளையாடுவோம். பார்த்ததும் அம்மா, “ஒழுங்காகத் தேய்த்துக் குளி” என்று திட்டுவார். அந்த வெள்ளைக் கோடு அழுக்கு இல்லை. தோலின் மேலடுக்கு காய்ந்து செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிறது. தேய்த்தால் நாளைக்கு இன்னும் பெரிய கோடாக விழும்.

காரணம் காற்று. பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். 25 டிகிரியில் அதே அளவு காற்று 23 கிராம் வரை தாங்கும். ராத்திரி இங்கே தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனியால் புல்லை வெள்ளையாக்குகிற காற்றை வீட்டுக்குள் விட்டு, ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் என்ன ஆகும்? அதில் இருக்கிற ஈரம் அதே 5 கிராம்தான். பாக்கிக்கு அது நம் தோலையும் உதட்டையும் தேடி வரும். இதற்காக ஊரை மாற்ற முடியாது. ஆனால் கெடுதலில் பாதியை நாமே குளியலறையில் செய்துகொள்கிறோம். அதை நிறுத்தலாம்.

நெய் ஒட்டிய பாத்திரத்தை எப்படிக் கழுவுவீர்கள்? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், சோப்பு, நார். குளிர்காலத்தில் உடம்பையும் அப்படியேதான் கழுவுகிறோம். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று கொழுப்பு வகைகள் சேர்ந்த ஒரு பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் காப்பது அதுதான். அதைத் தினமும் காலையில் வழித்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, அப்புறம் கடையில் போய் முந்நூறு ரூபாய்க்கு கிரீம் வாங்குகிறோம்.

ஆகவே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குளித்த பிறகு தோல் சிவந்திருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். ஐந்து, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள். இந்த ஊரில் இது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம், இவற்றுக்குப் போதும். கைகால் முழுக்கத் தினமும் நுரை தேவையில்லை. அமிலமா காரமா என்று காட்டுகிற பி.எச். அளவு தோலுக்கு இயல்பாக 5-ஐ ஒட்டி இருக்கும், சாதாரண சோப்புக்கு 9, 10. அந்தக் காரம் தோலுக்கு ஒத்துவராது. முகத்துக்கு சோப்பில்லாத ஃபேஸ் வாஷ் போடுங்கள், அல்லது பயத்தம்மாவைப் பாலில் குழைத்துப் போடுங்கள். கடலை மாவை மழைக்காலத்தோடு நிறுத்திவிடுங்கள், இருக்கிற எண்ணெயையும் அது இழுத்துவிடும். எலுமிச்சைச் சாறு எந்த மாதத்திலும் முகத்துக்கு வேண்டாம்.

இனி நேரம். துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். புடவை கட்டி, டிபன் கட்டி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுப் பூசினால் எந்த கிரீமும் பாதிதான் வேலை செய்யும். பாட்டிலைக் குளியலறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அதற்கு அதுதான் இடம்.

எதைப் பூசுவது? விலை பார்த்து மயங்க வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி தெரியும் அல்லவா? அமெரிக்காவில் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் பம்புக் கம்பியில் பிசுபிசுவென்று ஒட்டிய மெழுகைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் அதைச் சுத்தம் செய்து, வாசலின் என்று பெயரிட்டு, 1872-ல் காப்புரிமை வாங்கினார். தோலிலிருந்து ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றைக்கும் அதை மிஞ்சுவது கடினம். ஒன்று மட்டும் கவனியுங்கள். அது இருக்கிற ஈரத்தைப் பூட்டும், புதிதாக ஈரம் தராது. காய்ந்த தோலில் தடவினால் வறட்சியின் மேல் பிசுபிசுப்புதான் மிச்சம். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆனால் நீர் கலக்காமல் பூசினால், காற்றில் ஈரம் இல்லாத நாளில் தோலுக்குள் இருப்பதையே உறிஞ்சும். பன்னீரோ தண்ணீரோ கலந்து, அதன் மேல் ஒரு கோட்டிங் எண்ணெய் அல்லது ஜெல்லி.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கார்த்திகை பிறந்தால் நம் வீட்டுப் பாட்டிலெல்லாம் கல்லாகத்தான் நிற்கும். அடுப்பு மேல் வைக்காமல் வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்துங்கள்.

உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால் அது முதலில் வெடிக்கும். வெடித்ததும் நாக்கால் நனைப்போம், எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கற்பூரமும் புதினாவும் மணக்கிற லிப் பாம் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வெடித்த உதட்டுக்கு எரிச்சல். மணமில்லாததை வாங்குங்கள். மேட் லிப்ஸ்டிக்குக்கு இரண்டு மாதம் லீவு கொடுங்கள். விட மனசில்லாதவர்கள் அடியில் பாம் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒற்றியெடுத்துவிட்டுப் போடலாம்.

இப்போது மேக்கப். இந்த மாதத்தில் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துகொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மூக்கின் இரண்டு பக்கத்தையும் புருவத்தின் நடுவையும்தான். அங்கே செதில் கிளம்பியிருந்தால் பவுடர் அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும். முகூர்த்தத்தில் நன்றாக இருந்த முகம் பந்தி முடிவதற்குள் வெடித்த வயல் போலத் தெரியும், போட்டோவில் இன்னும் மோசம். அதனால் குளிர்காலத்தில் கம்பாக்ட் பவுடரைக் கன்னத்தில் அப்பாதீர்கள். மாய்ஸ்சரைசர் பூசிப் பத்து நிமிடம் பொறுத்து, சன்ஸ்கிரீன், அதன் மேல் கிரீம் அல்லது லிக்விட் பவுண்டேஷன். விரலால் இழுக்காமல் ஈர ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி வையுங்கள். பவுடர் நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் போதும். வாடைக்காற்றில் கண்ணில் நீர் வரும், மை வழியும். கீழ் இமையை விட்டு மேல் இமையில் மட்டும் தீட்டினால் தப்பிக்கலாம்.

“குளிரில் எதற்கு சன்ஸ்கிரீன்?” என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உதகை 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். வெயிலின் சூடு தெரியவில்லை என்பதற்காக அந்தக் கதிர் இல்லை என்று ஆகாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் கன்னத்தைப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். சன்ஸ்கிரீன் ட்யூபில் எஸ்.பி.எஃப்., அதாவது வெயிலைத் தடுக்கும் அளவு, 30 என்று இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். முகம் கறுப்பது இந்தச் சமயத்தில்தான் என்பதால், ஆடியில் வாங்கிய பவுண்டேஷன் நிறம் தையில் பொருந்தாது. தாடை ஓரத்தில் தடவி, வாசலில் வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடம் அரித்தாலோ வெளுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பசையில் இருக்கும் சில ரசாயனங்கள் நிரந்தர வெள்ளைத் திட்டு உண்டாக்கும்.

வெளுப்பு என்றதும் இன்னொன்று. ஒரு வாரத்தில் சிவப்பாக்குகிற கிரீம் என்று பெயர் தெரியாத டப்பா எதையும் வாங்காதீர்கள். 2023-ல் பக்கத்தில் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதித்து வந்த சிலரை விசாரித்ததில், பெரும்பாலோர் பூசியது அப்படிப்பட்ட கிரீம் என்று தெரிந்தது. அதில் இருந்தது பாதரசம். ஸ்டீராய்டு கலந்த ட்யூப்களும் அப்படித்தான், முதல் வாரம் பளபளப்பு, பிறகு தோல் காகிதமாக மெலிந்துபோகும். மருந்துச் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது.

முடிக்கு வருகிறேன். தோளில் வெள்ளையாக உதிர்வதெல்லாம் பொடுகு இல்லை. மாவு போலச் சின்னதாக, காய்ந்து உதிர்ந்தால் அது தலைத்தோலின் வறட்சி. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் எண்ணெய் வைத்தால் போகும். மஞ்சளாக, பிசுக்காக, அரிப்போடு, புருவத்திலும் மூக்கோரத்திலும் சேர்ந்து வந்தால் அது பொடுகு. தலையில் எண்ணெய்ப் பசையைத் தின்று வளரும் மலசீசியா என்ற பூஞ்சைதான் அதற்கு மூலம். அதற்கு ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைப்பது விருந்து வைப்பதுதான். பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு, வாரம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பாட்டி திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பொடுகு இல்லாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. அதையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வந்தது. முடியின் புரதம் கரைந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் கையில் வந்த அனுபவமும் அதற்கு மாறாக இல்லை. ஈரத்தலையில் குல்லா மாட்டாதீர்கள், சீப்பும் போடாதீர்கள், நனைந்த முடி சட்டென்று அறுந்துவிடும். கம்பளிக் குல்லா முடியை உராயும், அடியில் பழைய பட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பித்த வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம், மேலே சாக்ஸ். பிளேடு வேண்டாம். விரல் சிவந்து வீங்கி அரித்தால் நெருப்பில் காட்டாதீர்கள், மெதுவாகச் சூடேற்றுங்கள், புண்ணானால் டாக்டரிடம் போங்கள். கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது, இது அழகு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

முன்வரிசை அக்கா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு என்ன என்று கேட்கிறார்கள். இந்தக் குளிரில் தினமும் குளிப்பாட்ட வேண்டியதில்லை அக்கா, துடைத்துவிட்டால் போதும். குளிப்பாட்டினால் உடனே மணமில்லாத கிரீமோ ஜெல்லியோ. நீலகிரித் தைலத்தைக் குழந்தைக்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பவுடரும் வேண்டாம், தோல் காயும், மூச்சிலும் போகும்.