நல்ல மனம் இருந்தும் நோகும்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். உறவைக் காப்பது நல்ல மனமா, நல்ல பழக்கமா என்பது கேள்வி. நல்ல பழக்கமே என்பது எங்கள் அணி. மனம் நல்லதென்றால் முறை எதற்கு என்று கேட்டார் எதிரணித் தலைவர்.

அவரைச் செத்த வீடொன்றுக்கு அழைக்கிறேன். உண்மையான துக்கத்தோடு ஒருவர் வருகிறார். செருப்பைக் கழற்றுகிறார், கைபேசியின் சத்தத்தை நிறுத்த மறக்கிறார். நேரே பிள்ளையிடம் போய், “என்ன நடந்தது? ஏன் முதலே டொக்டரிட்டைக் காட்டேல்லை?” என்கிறார். காலையிலிருந்து அந்தப் பிள்ளை எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கும்! இரண்டாவது கேள்வி பழியையும் அதன் தலையில் ஏற்றுகிறது. எழும்பும்போது “போட்டு வாறன்” என்கிறார். மற்ற வீடுகளில் “போறன்” என்றால் பிழை. இங்கே “வாறன்” பிழை. இன்னொரு சாவுக்கு வருவேன் என்றல்லவா அது காதில் விழும்!

விபரத்தைப் படலையடியில் நிற்கும் அயலவரிடம் அறியலாம். உள்ளே போய்க் கையைப் பிடித்து, பேசாமல் பத்து நிமிடம் பக்கத்தில் இருக்கலாம். அவர்கள் பேசினால் கேட்கலாம். பிறகு சொல்லாமல் எழும்பி வரலாம். இதைப் பழகினால்தான் வரும்.

தேநீர்க் கடைகளில் சாதி பார்த்துச் சிலருக்குத் தனிப்பேணி, அதாவது வேறு குவளை, வைத்ததும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் அவர்களை மறித்ததும் ‘முறை’ என்றுதானே என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். அந்தக் கொடுமை நாக்கிலும் இருந்தது. நீ, நீர், நீங்கள் என்று எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மூன்று படி. நரைத்த தலையைச் சாதி பார்த்துச் சின்னப்பிள்ளை ‘நீ’ என்றது. பிள்ளைக்கு மனமா கெட்டது? வீடு பழக்கியது. அப்படியானால் திருத்த வேண்டியதும் பழக்கத்தைத்தானே!

வேலி அடைக்க வருபவருக்கும் பஸ் நடத்துநருக்கும் ‘நீங்கள்’. ‘தா’ அல்ல, ‘தாங்கோ’. ‘நீர்’ மட்டும் கவனம்: ஒத்த வயதினரிடம் அன்பாக ஒலிக்கும் அதே சொல், மூத்தவரிடம் மரியாதைக் குறைவாகப் படும். ஐயமென்றால் ‘நீங்கள்’ என்றே சொல்லுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளை அம்மம்மாவை ‘நீ’ என்றால், நாலுபேர் முன் சிரிக்காதேயுங்கோ. தனியே கூப்பிட்டு, ‘வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ’ என்ற மூன்று சொல்லை மட்டும் முதலில் பழக்குங்கோ.