வடக்குச் சுவர்

வணக்கம். பழைய வீட்டு வெளிச்சுவரில் படியும் கறுப்பைப் பூச்சு கெடாமல் எப்படிக் கழுவுவது என்று சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் யாராவது பழைய வீட்டைப் பார்க்க வரச் சொன்னால் நான் முதலில் முகப்புக்குப் போவதில்லை, பக்கத்துச் சந்து வழியாக நடந்து வடக்குச் சுவரைத்தான் பார்ப்பேன். வீடு எப்படி இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நம் செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடிகிற மாதிரி கட்டியவை, அதனால் நீளமான சுவர்களில் ஒன்று வடக்கே பார்த்து நிற்கும். ஆவணி பாதியிலிருந்து சித்திரை பிறக்கும் வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே போவதால் அந்தச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழாது. வடகிழக்குப் பருவமழை வருவதும் அதே மாதங்களில்தான், அதுவும் காற்றோடு சேர்ந்து அந்தச் சுவரில்தான் அறையும். நனைகிறது, காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. வறண்ட சீமை என்று நமக்குப் பெயர், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் துவைத்த வேட்டி இரண்டு நாள் கொடியில் கிடந்தும் காயாது.

அந்தச் சுவரில் கறுப்பாகப் படிந்திருப்பதை எல்லோரும் அழுக்கு என்கிறார்கள். தூசியும் புகையும் கொஞ்சம் இருக்கும்தான், ஆனால் பெரும்பகுதி உயிருள்ளது: பச்சைப் பாசி, காய்ந்ததும் கறுத்துப்போகிற நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை. சில சுவர்களில் செங்காவி நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும், செம்மண் தெறித்தது என்று நினைப்போம். செம்மண் முழங்கால் உயரம் வரைதான் தெறிக்கும், ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். மாடி உயரத்தில் செந்திட்டு இருந்தால் அதுவும் பாசிதான், அந்த இனத்துக்கு உள்ளிருக்கும் சாயம் சிவப்பு. உயிருள்ளது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, சாகடித்தால் போதும், செத்த பாசி காய்ந்து பொரிந்து தானாக உதிரும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன் எங்கள் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொது வீட்டில் ஒரு கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் சுவர் கறுத்திருப்பது கண்ணில் பட்டது. கார் கழுவும் பிரஷர் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்தோம். முகப்பு வளைவுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. தண்ணீர் பட்டதும் கறுப்பு சரசரவென்று போனது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆச்சிதான் வாய்க்காலைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, தண்ணி பால் மாதிரி போகுதே?" என்றார்கள். குனிந்து கையில் அள்ளிப் பார்த்தேன். விரலுக்கிடையில் நறநறவென்று மாவு. கறுப்பு எப்போதோ போய்விட்டது, அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது சுண்ணாம்பு. யானையின் தும்பிக்கை நுனி தாமரையோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது, வாய்க்காலில் தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த கார்த்திகையில் அதே சுவர் முன்னைவிட வேகமாகக் கறுத்தது, ஏனென்றால் மேற்பூச்சு போய்ச் சொரசொரப்பான இடத்தில் ஈரமும் பாசியும் நன்றாகப் பிடித்துக்கொண்டன.

நம்மூர்ப் பூச்சைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்த்துக் குழைத்துப் பல பூச்சாகப் பூசி, கடைசியில் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்தக் கடைசிப் பூச்சு மிக மெல்லியது, சுவருக்கு அதுதான் தோல். மேல்தொட்டியிலிருந்து ஹோஸ் வழியாக வரும் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம்கூட இருக்காது, அந்த மிஷினில் 100 பாருக்கு மேல் வரும். தோல் கிழிவதோடு நிற்காது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் போய், அப்புறம் உள்பக்கம் பட்டாலைக் கூடத்துச் சுவரில் உப்பாகப் பூக்கும்.

ஆசிட் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தால் சுவர் பளிச்சென்று ஆகும், நுரை நுரையாக வரும், வேலை நடக்கிறது என்று தோன்றும். அந்த நுரை முழுக்கச் சுண்ணாம்பு கரைந்து வெளியேறும் வாயு. வழிந்து திண்ணைக்கு வந்தால் ஆத்தங்குடிக் கல்லின், அதாவது கையால் செய்த சிமெண்ட் தரைக்கல்லின், மேற்பரப்பையும் தின்றுவிடும், அந்த மினுமினுப்பு மறுபடி வராது. ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், ஒன்றை அடித்த சுவரில் இன்னொன்றை அடிக்கவும் வேண்டாம். குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து.

சரி, எப்படித்தான் கழுவுவது? அதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அதை விட்டுவிட்டு எத்தனை தடவை கழுவினாலும் வீண். அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிஷம் வீட்டைச் சுற்றி வாருங்கள். மழைநீர்க் குழாயில் ஆல இலை அடைத்துச் சுவரோடு வழிகிறதா, தொட்டி நிரம்பி வழியும் குழாய் சுவரிலேயே சொட்டுகிறதா, ஏசி மிஷினின் தண்ணீர் எங்கே போகிறது, சுவரை ஒட்டி வைத்த குரோட்டன்ஸ் காற்றை அடைக்கிறதா. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்றடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியதும் எத்தனையோ வருஷக் கறுப்பு வருவது நின்றது. சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு செங்கலும் வரும், கொத்தனாரைக் கூப்பிட்டு அறுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கழுவ நல்ல காலம் மாசி. மழை போய்ச் சுவர் உள்ளே வரை காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. காலையில், வெயில் சூடாகும் முன் ஆரம்பியுங்கள். முதலில் வெறும் தண்ணீர், செடிக்குத் தெளிக்கும் கைஸ்பிரேயரால் பனி மாதிரி நனைத்துக் கால் மணி நேரம் ஊற விட்டு, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து வாருங்கள், ஏனென்றால் காய்ந்த சுவரில் மேலிருந்து அழுக்குத் தண்ணீர் வழிந்தால் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே. கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், பூச்சைக் கீறுவதோடு அதன் துணுக்குகள் ஒட்டி நின்று துருக்கறை வைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு கரண்டி போதும்.

அதற்கும் போகாத பாசிக்கு மருந்து. சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்த புதுச் சுவர் என்றால் வீட்டில் இருக்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, பத்து நிமிஷம், அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம், பக்கத்துச் செடிகளை முன்னாலேயே நனைத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு நான் பிளீச் அடிப்பதில்லை, அது விட்டுப்போகிற உப்பு பூச்சுக்குள் இறங்கிப் பின்னால் பொரிக்கும். அங்கே பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியை 1 அல்லது 2 சதவீதக் கரைசலாக்கித் தெளித்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். மறுநாளே வெள்ளையாகாது. இரண்டு மூன்று வாரத்தில் பச்சை பழுப்பாகும், பழுப்பு பொரியும், அப்போது காய்ந்த பிரஷால் மெல்லத் தட்டினால் உதிரும்.

நம் பெரியவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் இந்த மருந்தும் இருந்தது. நீற்றிய சுண்ணாம்புக்குக் கார அளவு (pH) 12-க்கு மேல் இருக்கும், அந்தக் காரத்தில் பாசியும் பூஞ்சையும் பிழைக்காது. சுவரும் மூச்சு விடும், உள்ளே போன ஈரம் வெளியே வரும். இப்போது வருஷா வருஷம் யார் அடிப்பது என்று பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்துவிடுகிறோம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு தோல் தோலாக உரிகிறது. சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சுண்ணாம்பே அடியுங்கள், சுவரை நனைத்துவிட்டு மெல்லியதாக இரண்டு மூன்று கை. எமல்ஷன் ஏற்கனவே அடித்த சுவரில் மட்டும் அது நிற்காது.

எங்கள் பொது வீட்டில் மறுபடி ஒரு கல்யாணம் வருகிறது, ஆவணியில். இந்தத் தடவை மாசியிலேயே ஆரம்பித்துவிட்டோம். போன வெள்ளிக்கிழமை, பம்புசெட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மருந்து தெளித்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது ஓரத்தில் லேசாகப் பழுப்பு விழுந்திருந்தது. அந்த இடம் பூச்சு பெயராமல் வெளுத்தால்தான் ஏணியை எடுப்பேன்.