இரண்டு கைகள், ஐந்து பிள்ளைகள்

வணக்கம் நேயர்களே. வீட்டில் வைத்துப் பிள்ளைகள் பார்க்கிற அம்மாமார், அன்ரிமார் பலர் இந்த நேரம் வானொலியைப் போட்டுவிட்டுக் குசினியில் நிற்பீர்கள். சின்னவர்கள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். இந்த மதியத் தூக்க நேரத்தில் வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன். வீட்டு டேகெயர்களுக்குப் போய்ப் பார்வையிடுகிற வேலையில் இருப்பவள் நான். கனடாவில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நெருப்பு என்று வந்தால் அன்பு மட்டும் போதாது.

முதலில் எண்ணிக்கையைச் சொல்கிறேன். ஒன்ராறியோவின் 2014ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் பார்ப்பவர் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அவர்களில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளை நாலு வயதுக்குக் குறைவென்றால் அந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். வீட்டுப் பராமரிப்பாளர்களை மேற்பார்வை செய்கிற, உரிமம் பெற்ற முகவர் நிலையத்தின் கீழ் இருந்தால் ஆறு பேர் வரை பார்க்கலாம். "அக்கா, இன்னும் ஒரு பிள்ளைதானே, நல்ல அமைதியான பிள்ளை, எடுத்தால் என்ன?" என்று என்னிடம் கேட்பார்கள். வாடகை ஏறிக்கொண்டு போகிற காலத்தில் அந்தக் கேள்வியின் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. என்றாலும் நான் இதை நெருப்புக் கணக்காகத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு இரண்டு கைகள். நடக்காத பிள்ளை ஒன்றை இடுப்பில் வைக்கலாம், இன்னொன்றை மறு கையில் அணைக்கலாம். மூன்றாவதை யார் தூக்குவது? நடக்கிற பிள்ளைகளும் பயத்தில் உங்கள் பின்னால் வருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நெருப்பைக் கண்டால் கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குள்ளும் ஒளிவது சின்னப் பிள்ளைகளின் இயல்பு. தீயணைப்புப் படையினர் அங்கேயும் தேடிப் பார்ப்பது அதனால்தான்.

நேரமும் உங்கள் பக்கம் இல்லை. பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கிற அமெரிக்காவின் யூஎல் (UL) நிறுவன ஆய்வாளர்கள் செய்த பரிசோதனைகளில் தெரிய வந்த விடயம் இது: சில பத்தாண்டுகளுக்கு முன்னர் வீடொன்றில் தீப்பிடித்தால் தப்பி வெளியேற ஏறத்தாழ 17 நிமிடம் கிடைத்தது. இன்றைய வீடுகளில் மூன்று நிமிடம், சில வேளை அதிலும் குறைவு. சோபாவுக்குள் இருக்கிற ஸ்பொன்ஞ், செயற்கை நூல் கார்ப்பெற், பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் வேகமாகப் பற்றிக் கரும்புகையைக் கக்குவதுதான் காரணம். பிள்ளைகள் விளையாடுகிற அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி இதுதான்.

ஈரி ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈரி என்றே ஒரு நகரம் இருக்கிறது. 2019 ஓகஸ்ட் 11ஆம் திகதி அதிகாலை அங்கே ஒரு வீட்டு டேகெயரில் தீப்பிடித்தது. பெற்றோர் இரவு வேலைக்குப் போயிருக்க, பிள்ளைகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதக் குழந்தை முதல் ஏழு வயதுப் பிள்ளை வரை ஐந்து பேர் இறந்துபோனார்கள். மின்சாரக் கோளாறால் வந்த தீ என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு புகை அலாரம். அதுவும் கூரைக்குக் கீழுள்ள பரண் அறையில்.

ஒன்ராறியோவில் சட்டம் தெளிவானது. வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கிற அறைகளுக்கு வெளியேயும் வேலை செய்கிற புகை அலாரம் இருக்க வேண்டும். நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்றும் ஒரு தளம்தான். வாடகை வீடென்றால் அலாரம் பூட்டிப் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. மீன் பொரிக்கும்போது கத்துகிறது என்று அதன் பற்றரியைக் கழற்றி வைப்பது உங்கள் குற்றம். சட்டப்படியும் குற்றம்தான். பத்து வருடமானால் அலாரத்தையே மாற்ற வேண்டும். அதன் பின்பக்கத்தில் திகதி அச்சிட்டிருக்கும், கழற்றிப் பாருங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திச் சோதியுங்கள்.

அலாரம் அடித்தால் பிள்ளை எழும்பிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒஹாயோவில் ஒரு சிறுவர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். வழக்கமான கீச்சென்ற அலாரச் சத்தத்துக்கு எழும்பியவர்கள் நூற்றுக்கு 53 பேர். தாயின் குரலைப் பதிந்து ஒலிக்க விட்டபோது எழும்பியவர்கள் நூற்றுக்கு 86 முதல் 91 பேர். உங்களிடம் இருக்கிற பிள்ளைகள் அதிலும் சின்னவர்கள். ஆகவே அந்த அலாரம் அடிப்பது பிள்ளைக்காக அல்ல, உங்களுக்காக. நீங்கள் மேலே குசினியில் புகை இழுக்கிற விசிறியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது பேஸ்மென்றில் அடிக்கிற அலாரம் உங்கள் காதில் விழுமா? ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கிற, ஒன்றோடொன்று இணைந்த அலாரங்கள் கடைகளில் கிடைக்கின்றன. கம்பி இழுக்கத் தேவையில்லாத வகையும் உண்டு. வசதி இருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

பேஸ்மென்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அங்கே தூங்க வைக்காதீர்கள். படுக்கை அறை யன்னலால் வெளியேறுவதானால் அதன் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது கட்டட விதி. அந்த அளவு யன்னல் இருந்தாலும், நடக்கத் தெரியாத மூன்று பிள்ளைகளை அதால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளப் போவது யார்? மாசி மாதத்தில் அந்த யன்னல் பனிக்குள் மூடிப்போய் இருக்கும். தெருவாசலுக்குக் கிட்ட, தெருமட்டத் தளத்தில் முன்னறை இருந்தால் விருந்தினருக்காக அதை வெறுமையாக வைத்திருக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பேஸ்மென்றிலேயே வாடகைக்கு இருப்பவர்கள் வாசல் கதவுக்கு மிகக் கிட்ட உள்ள இடத்தைத் தூங்குவதற்கு ஒதுக்குங்கள். அந்தக் கதவுக்கு உள்ளிருந்து திறப்புப் போட்டுத் திறக்கிற பூட்டு வேண்டாம். படிக்கட்டுப் படலையைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பழகுங்கள்.

குசினிக்கு வருவோம். பிள்ளைகள் தூங்குகிற அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ரோல்ஸ், பற்றிஸ் ஓடர் பொரித்து எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். தாச்சி எண்ணெய் அடுப்பில் இருக்க, பிள்ளை அழுகிறதென்று ஓடிப்போய் டயப்பர் மாற்றுவீர்கள். வீட்டுத் தீயில் பெரும்பங்கு சமையலில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் இருக்கும்வரை எண்ணெய் காய வைக்காதீர்கள். ஓடரை இரவுக்குத் தள்ளுங்கள். தாச்சியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி அடுப்பை நிறுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அணைக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்குங்கள். சாமி அறையில் குத்துவிளக்கு எரிகிறதா, சாம்பிராணி புகைகிறதா? பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க முதலே பூசையை முடித்து அணைத்துவிடுங்கள். கும்பிடுகிறவர்களுக்கு இது மனதுக்குக் கஷ்டம் என்று தெரியும். நானும் விளக்கு ஏற்றுகிறவள்தான்.

வெளியேறும்போது தீப்பிடித்த அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள். சாதாரண மரக்கதவு ஒன்று புகையையும் சூட்டையும் தடுத்து வைப்பது நீங்கள் நினைப்பதை விட அதிகம். மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு ஒத்திகை பாருங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, தூங்கி எழும்பிய கையோடு, குளிர்காலத்திலும் செய்யுங்கள். ஜக்கெற் தேடிக்கொண்டு நிற்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கும். வாசலடியில் ஒரு பையில் போர்வைகள் வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். அருமையான யோசனை. நடக்காத பிள்ளைகள் அதிகமென்றால், உருளைச் சக்கரம் பூட்டிய தொட்டிலொன்றுக்குள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். அது வாசலால் போகுமா என்பதை வாங்க முதல் அளந்து பாருங்கள்.

கார்பன் மொனொக்சைட் அலாரத்தையும் மறக்க வேண்டாம். வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு ஃபேர்னஸ், நெருப்படுப்பு, வீட்டோடு சேர்ந்த கராஜ் உள்ள வீடுகளில் 2026 சனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் அது வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. அந்த நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. பனி கொட்டிய காலையில் ஃபேர்னஸ் குழாயின் வாய் வெளியே அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே எடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உரிமம் இல்லாத பராமரிப்பாளர் அதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். பிள்ளையை விடப் போகும்போது, எங்கே தூங்க வைப்பீர்கள், அங்கிருந்து எந்த வழியால் வெளியே வருவீர்கள் என்று கேளுங்கள். அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், நல்ல பராமரிப்பாளர் அதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். ரொறன்ரோவில் இருப்பவர்கள் அலாரம், வாடகை வீட்டுப் பிரச்சினைகளுக்கு நகரசபையின் 311ஐ அழைக்கலாம், தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தீயென்றால் 911, அதுவும் வெளியே வந்த பிறகு. வந்ததும் தலைகளை எண்ணுங்கள். எத்தனை பிள்ளைகள் என்று அன்றன்று எழுதிய தாளொன்று வாசலில் தொங்கட்டும். யாராவது குறைந்தால் நீங்கள் திரும்பி உள்ளே போகாமல், வந்து இறங்குகிற தீயணைப்பு வீரரிடம் பெயரையும் அந்தப் பிள்ளை படுத்திருந்த இடத்தையும் சொல்லுங்கள்.